சுகர் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்கிறோம்

பாம்பனிலோ தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ கரையில் நின்று பேச்சுக் கொடுத்தால், சர்க்கரை வியாதியைப் பற்றி இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழும். ஒன்று: "வலை இழுக்கிற உடம்புக்குச் சுகர் வருமா? உக்காந்து திங்கிறவனுக்குத்தான் வரும்." இன்னொன்று, வந்த பிறகு சொல்வது: "அவுக அப்பாவுக்கு இருந்துச்சு, இவுகளுக்கும் வந்துருச்சு. பரம்பரைச் சீக்கு, என்ன செய்ய முடியும்?" முதல் பேச்சு நோயைச் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. அதனால் ஒல்லியான, உழைத்து முறுக்கேறிய ஒருவருக்குச் சுகர் வந்தால் அவர் லேப் ரிப்போர்ட்டையே நம்புவதில்லை, நம்பினாலும் வெளியே சொல்வதில்லை. இரண்டாவது பேச்சு தலையெழுத்து என்று கையை விரித்துவிடுகிறது. எனக்கு இரண்டுமே உறுத்துகின்றன. இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இவருடைய கணையத்தில் இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது, குறைந்திருந்தால் எந்த இடத்தில் பழுது?

நாம் கேட்பதெல்லாம் "உங்களுக்கு எவ்வளவு?" என்பதுதான். "இருநூத்தி எம்பது" என்று பதில் வரும். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை தேங்கியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, ஏன் தேங்கியது என்று சொல்வதில்லை. ஒரே 280 ஐந்து பேருக்கு ஐந்து காரணங்களால் வரலாம். ஒருவருக்கு மெட்ஃபார்மின் என்ற வழக்கமான மாத்திரை போதும், ஒருவருக்கு இன்சுலின் இல்லாமல் உயிர் தங்காது, இன்னொருவருக்குக் கால் மாத்திரையிலேயே சர்க்கரை இறங்கிவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இன்டியாப்' (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, பெரியவர்களில் 11.4 சதவீதம். அதில் பெரும்பாலானவை வழக்கமான இரண்டாம் வகை என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பெரிய கூட்டத்துக்குள் வேறு வகைக்காரர்கள் அடையாளம் தெரியாமல் கலந்து கிடக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

மடை திறந்திருந்தால் செல் தூங்கும்

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சின்னச் சின்னத் திட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் அவற்றை முதலில் விவரித்தார். ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் இருந்தும், அவற்றிலுள்ள பீட்டா செல்களை எல்லாம் சேர்த்து நிறுத்தால் ஒரு கிராம் அளவுதான் வரும். அந்த ஒரு கிராம்தான் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் கணக்குப் பார்த்து இன்சுலினை வெளியே விடுகிறது.

இந்தக் கணக்கு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், பின்னால் வரும் எல்லாமே இதில்தான் நிற்கிறது. பீட்டா செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வழி ஒன்று உண்டு. நடுவில் கிர்6.2 என்ற புரதம் நான்கு, சுற்றிலும் எஸ்யூஆர்1 என்ற புரதம் நான்கு, எட்டும் சேர்ந்த கட்டமைப்பு அது. நம் ஊர்க் கண்மாய் மடையைப் போல வைத்துக்கொள்ளலாம். ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருக்கும்வரை மடை திறந்தே கிடக்கும், பொட்டாசியம் வெளியே போய்க்கொண்டே இருக்கும், செல் அமைதியாக இருக்கும். சாப்பிட்டதும் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைகிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்துக் கொடுக்க, மைட்டோகாண்ட்ரியா அதை எரித்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குகிறது. ஏடிபி கூடக் கூட மடை மூடுகிறது. பொட்டாசியம் உள்ளேயே தங்கிவிடுவதால் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, அதைத் தொடர்ந்து கால்சியத்தின் வழி திறக்கிறது. உள்ளே பாய்ந்த கால்சியம், ஏற்கனவே பொதிந்து தயாராக இருக்கும் இன்சுலின் பைகளைச் சுவரோடு ஒட்டவைத்து வெளியே கொட்டச் செய்கிறது. இந்த முதல் வீச்சு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பிறகு மெதுவான இரண்டாம் வீச்சு நீளும். இரண்டாம் வகைச் சர்க்கரையில் முதலில் காணாமல் போவது அந்தப் பத்து நிமிட வீச்சுதான். வெறும் வயிற்றில் 105 காட்டி "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவருக்கு மதியச் சோற்றுக்குப் பிறகு 230 இருப்பது இதனால்தான்.

உச்சிப்புளி, சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று உறுதியாக நம்புகிறவர்கள் அதிகம். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியிலும் அதுவேதான். பீட்டா செல்லைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் செய்வதற்கு ஒரு ஜீன் இருக்கிறது. குளுக்கோகைனேஸுக்கு ஜிசிகே, கிர்6.2-க்கு கேசிஎன்ஜே11, எஸ்யூஆர்1-க்கு ஏபிசிசி8, இன்சுலினுக்கு 11-ஆம் குரோமோசோமில் உள்ள ஐஎன்எஸ். இரண்டாம் வகைச் சர்க்கரையோடு தொடர்புள்ள இடங்கள் என்று மரபணுத் தொகுதியில் அறுநூறுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் பல, இன்சுலின் வேலை செய்வதைக் காட்டிலும் இன்சுலின் சுரப்பதைத்தான் பாதிக்கின்றன. 2006-இல் அடையாளம் கண்ட டிசிஎஃப்7எல்2 அவற்றில் வலுவானது. அதன் ஒரு பிரதி இருந்தாலே ஆபத்து சுமார் 1.4 மடங்கு. ஆனால் இப்படி நூற்றுக்கணக்கானவை சேர்ந்து சாய்க்கும் பரம்பரை வேறு, ஒரே ஒரு ஜீன் பழுதுபட்டு வரும் பரம்பரை வேறு. கரையில் "பரம்பரை" என்று சொல்லும்போது இரண்டும் ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன.

ஒல்லியான உடம்பு

பருமனும் கொழுப்பும் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும், அதை ஈடுகட்ட பீட்டா செல் கூடுதலாகச் சுரந்து சுரந்து களைத்துப்போகும். இது எல்லோரும் அறிந்த கதை. ஒல்லியானவர்களிடம் கதை அந்த முனையிலிருந்து தொடங்குவதே இல்லை. இறந்தவர்களின் கணையங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஒரு கட்டுரை, சர்க்கரை நோய் இருந்த ஒல்லியானவர்களிடம் பீட்டா செல்களின் அளவு, நோய் இல்லாத ஒல்லியானவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. வேலூர் சிஎம்சியும் நியூயார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. சிறுவயதிலிருந்து ஊட்டம் குறைந்து, எடை குறைந்து, சர்க்கரை நோயும் வந்த ஆண்களிடம் இன்சுலின் சுரப்பே அடிபட்டிருந்தது, இன்சுலின் வேலை செய்யும் திறன் நன்றாகவே இருந்தது. 2025-இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று தனியாக ஏற்றுக்கொண்டது.

பீட்டா செல்கள் பெருகும் காலம் பெரும்பாலும் கருப்பையிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும்தான். அதன் பிறகு மிக மெதுவாகவே பெருகும். கர்ப்பிணி பாசி எடுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, ரத்தசோகையோடு பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை குறைந்த முதலோடு வாழ்க்கையைத் தொடங்கலாம். அவன் பெரியவனாகி எவ்வளவு உழைத்தாலும் அந்த முதல் கூடாது. "உழைக்கிற உடம்பு" என்ற வாதம் இந்த இடத்தில் உடைகிறது. உழைப்பு, சுரக்கும் இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கும். சுரக்காத இன்சுலினுக்கு அது மாற்று ஆகாது.

ஒல்லியானவருக்கு முதுகுவரை துளைக்கும் மேல்வயிற்று வலியும் எண்ணெய் மிதக்கும் மலமும் இருந்தால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: கணையக் குழாயில் கல். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய் இது, ஸ்பிங்க்1 ஜீனின் மாற்றம் இதற்கு வழிவிடுகிறது. மேல்வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலே பல நேரம் கல் தெரிந்துவிடும். இவர்களுக்குச் செரிமான நொதி மாத்திரையும் சாப்பாட்டோடு வேண்டும். வெறும் சுகர் மாத்திரை கொடுத்தால் எடை இறங்கிக்கொண்டே போகும்.

2004, 2006

இந்தத் துறையில் என் மனத்தை விட்டு அகலாதது பச்சைக் குழந்தைகளின் கதை. பிறந்து ஆறு மாதத்துக்குள் சிலருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. அரிதுதான், ஏறத்தாழ லட்சம் பிறப்புக்கு ஒன்று. குழந்தை எடை குறைந்து பிறக்கும், ஏனென்றால் கருப்பையில் வளரவைப்பதும் இன்சுலின்தான். பால் குடித்தும் எடை ஏறாது, துணி நனைந்துகொண்டே இருக்கும், மூச்சு வாங்கும். அளந்தால் மீட்டர் "ஹை" என்று காட்டும். நெடுங்காலமாக இவர்களை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை அழித்துவிடும் முதல் வகை என்றே எழுதி, ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி என்றே சொல்லி அனுப்பினார்கள்.

2004-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் ஆன்ட்ரூ ஹாட்டர்ஸ்லியும் அன்னா க்ளோயினும் அவர்களுடைய குழுவினரும், இப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு கேசிஎன்ஜே11 ஜீனில்தான் பழுது என்று கண்டுபிடித்தார்கள். மடை மேலே சொன்னதேதான். ஆனால் இவர்களுடைய மடைக்கு ஏடிபி சொல்வது கேட்பதில்லை. சர்க்கரை 500 இருந்தாலும் அது மூடாமல் திறந்தே கிடக்கிறது. பீட்டா செல் சாகவில்லை, எதிர்ப்பு அணுக்கள் எதுவும் அதை அழிக்கவில்லை. இன்சுலின் பைகள் செல்லுக்குள் நிறைந்து கிடக்கின்றன. வெளியே விடும் சைகை மட்டும் வரவில்லை.

அந்த மடையை ஏடிபி இல்லாமல் நேரடியாக மூடும் மருந்து ஒன்று நம் கையில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எஸ்யூஆர்1 புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் க்ளிபென்கிளமைடு, பெரியவர்களுக்கு எழுதித் தரும் அதே மலிவான மாத்திரைதான். கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான முடிவில், இந்த ஜீன் பழுது இருந்த 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை முழுக்க நிறுத்தியிருந்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8.1-இலிருந்து 6.4-க்கு இறங்கியது, அதுவும் சர்க்கரை தாழ்ந்து வரும் மயக்கம் அதிகரிக்காமல். பத்தாண்டு கழித்துத் திரும்பப் பார்த்த 81 பேரில் 75 பேர் அதே மாத்திரையில் மட்டுமே இருந்தார்கள். எடைக்கு எடை பார்த்தால் குழந்தைகளுக்குத் தேவைப்படும் அளவு பெரியவர்களுடையதைவிட மிக அதிகம். அதனால் இந்த மாற்றத்தை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மணிக்கு மணி சர்க்கரை பார்த்துத்தான் செய்ய வேண்டும். அதே மடை மூளையிலும் உண்டு, ஆகவே சில குழந்தைகளுக்கு வலிப்பும் வளர்ச்சிக் குறைவும் சேர்ந்தே வரும். சீக்கிரம் தொடங்கினால் அதிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது.

இதனால்தான் ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த எந்தக் குழந்தைக்கும் ஜீன் பரிசோதனை கட்டாயம் என்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்கிறது. குழந்தை இப்போது பத்து வயதாகி ஊசியிலேயே இருந்தாலும் பரிசோதனைக்குக் காலம் கடந்துவிடவில்லை. 25 வயதில்கூட மாத்திரைக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள்.

நம் கரையில் இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கொடுத்து எடுப்பது இங்கே எல்லாச் சமூகத்திலும் உண்டு. பெற்றோர் இருவரும் ஒரே தாத்தா பாட்டியின் பழுதுபட்ட பிரதியைச் சுமந்தால் இரண்டும் ஒரு குழந்தையிடம் வந்து சேரலாம். இஐஎஃப்2ஏகே3 என்ற ஜீன் அப்படி இரட்டையாகப் பழுதாகும்போது வருவது வால்காட்-ராலிசன் நோய். சொந்தத்துக்குள் மணமுடிக்கும் சமூகங்களில் நிரந்தரமான பச்சைக்குழந்தைச் சர்க்கரைக்கு இதுவே முன்னணிக் காரணம். இதில் மடை சரியாகவே இருக்கும். இன்சுலினை மடித்து உருவாக்கும் பட்டறையில் நெருக்கடி ஏற்பட்டு பீட்டா செல் செத்துப்போகிறது. ஆகவே இங்கே மாத்திரை உதவாது, இன்சுலின்தான் வேண்டும். எலும்பு வளர்ச்சியும் கெடும், காய்ச்சல் வந்தால் கல்லீரல் திடீரென்று செயலிழந்துவிடலாம். வெளிப்பார்வைக்கு இரண்டு குழந்தைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டுக்கும் மீட்டர் "ஹை" என்றுதான் காட்டும். எந்த ஜீன் என்று தெரியாமல் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதோ கொடுக்காமல் விடுவதோ குழந்தையின் தலையில்தான் விடியும்.

இருபத்து நான்கு வயது, ஒல்லி, அப்பாவுக்கும் உண்டு

ஒற்றை ஜீன் பழுது பெரிய பிள்ளைகளிடமும் உண்டு. மோடி (MODY, இளம் வயதில் தொடங்கும் ஒற்றை ஜீன் சர்க்கரை) என்று அழைக்கப்படும் இந்த வகையில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஹெச்என்எஃப்1ஏ ஜீன் கெட்டால் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் எரிவதே மந்தமாகி ஏடிபி போதாமல் போகிறது. பழுது மடைக்கு முன்னால் இருக்கிறது, மடை நன்றாகவே இருக்கிறது. ஆகவே மடையை நேரடியாக மூடும் மாத்திரை இவர்களிடம் ஆச்சரியமாக வேலை செய்யும். 2003-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது க்ளிபென்கிளமைடின் இனத்தைச் சேர்ந்த க்ளிக்ளசைடு இவர்களுக்கு மெட்ஃபார்மினைவிட ஐந்து மடங்குக்கு மேல் சர்க்கரையை இறக்கியது. 80 மில்லிகிராம் மாத்திரையில் கால் பகுதியில் தொடங்கினாலே போதுமானதாக இருக்கும், முழு மாத்திரை கொடுத்தால் மயங்கி விழலாம். இவர்களைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு: ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு ஏறாதபோதே சிறுநீரில் சர்க்கரை வரும், ஏனென்றால் அதே ஜீன் சிறுநீரகத்திலும் வேலை பார்க்கிறது.

ஜிசிகே பழுது இதற்கு நேர் எதிர். பிறந்தது முதல் வெறும் வயிற்றில் 100-க்கும் 145-க்கும் நடுவே நிற்கும், அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகாது, பெரிய சிக்கல் எதையும் கொண்டுவராது. மாத்திரை கொடுத்தாலும் அசையாது, கொடுக்கவும் தேவையில்லை. கர்ப்பகாலத்தில் மட்டும் தனிக் கணக்கு. இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோயாளி என்று பெயர் வைத்து, கல்யாணப் பேச்சையும் கெடுத்து, ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க வைப்பது அநியாயம்.

மூன்று தலைமுறையில் சர்க்கரை இருந்தால் மோடி என்று பாடப்புத்தகம் சொல்லும். தமிழ்நாட்டில் அந்த அளவுகோல் தனியாக நிற்காது. இங்கே சாதாரண இரண்டாம் வகையே மூன்று தலைமுறைக்கு ஓடுகிறது, அம்மா வழியிலும் அப்பா வழியிலும். ஆகவே யாருக்கு இருந்தது என்று மட்டும் கேட்காமல், வந்தபோது என்ன வயது, அப்போது உடம்பு எப்படி, எந்த மருந்தில் எத்தனை வருடம் தாக்குப்பிடித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பெரியப்பா முப்பது வயதில் தொடங்கிய ஒரே சின்ன மாத்திரையில் அறுபது வயதுவரை ஓட்டியிருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி.

அதே மாத்திரை, கடலில்

குழந்தையைக் காப்பாற்றிய க்ளிபென்கிளமைடு, நாட்டுப்படகில் சாயங்காலம் இறங்கி விடியும்போது கரை திரும்புபவருக்கு ஆபத்தாக மாறுவதும் அதே மடையால்தான். மருந்து ஒட்டிக்கொண்ட பிறகு மடை மூடியே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை 60-க்கு இறங்கினாலும் இன்சுலின் கொட்டுவது நிற்காது. இதன் வேலை ஒரு நாள்வரை நீளும், சிறுநீரகம் பழுதென்றால் இன்னும் கூட. மாத்திரையைப் போட்டுவிட்டு, அரைச்சாப்பாடு சாப்பிட்டு, இரவெல்லாம் வலை இழுத்தால் தசை வேறு குளுக்கோஸை உறிஞ்சும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் எல்லாம் களைப்பு என்றே தோன்றும். பேச்சுக் குழறினால் குடித்திருக்கிறான் என்று நினைத்துப் படுக்கப்போடுவார்கள்.

படகில் குளுக்கோஸ் பவுடர் நனையாத டப்பாவில் இருக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி, சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் அதே அளவு, தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ. கருப்பட்டித் துண்டைக் கடிப்பது மெதுவாகத்தான் வேலை செய்யும். வோக்லிபோஸ் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்குச் சீனியும் கருப்பட்டியும் நேரத்துக்கு உதவாது, அந்த மருந்து சுக்ரோஸ் உடைவதையே தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ்தான். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தெளிந்துவிட்டார் என்று அப்படியே விடவும் கூடாது, மருந்து உடம்பில் இருக்கும்வரை மறுபடி இறங்கும், கரைக்கு வந்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பார்வையில் இருக்க வேண்டும். இரவு வேலைக்காரர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தருவார். பயந்து தானாக நிறுத்துவது இன்னொரு ஆபத்து.

சி-பெப்டைடு

இன்சுலின் உருவாகும்போது ஒரு நீண்ட புரதம் வெட்டுப்படுகிறது. ஒரு துண்டு இன்சுலின், ஒரு துண்டு சி-பெப்டைடு, இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. இன்சுலினில் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துவிடும், சி-பெப்டைடை விட்டுவிடும். ஊசி மருந்திலும் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே ஊசி போடுபவரிடம்கூட சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று இதை வைத்து அறியலாம். 35 வயதுக்குள், ஒல்லியாக, சர்க்கரை வந்த யாருக்கும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 2022 முதல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கேட்பதற்கு இடம் தூரமில்லை.

சாப்பிட்டு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும், அதே நேரத்தில் குளுக்கோஸும் பார்க்க வேண்டும். சர்க்கரை 70, 80 என்று இருக்கும்போது சி-பெப்டைடு குறைவாக இருப்பது இயல்பு, அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. சர்க்கரை 400-இல் இருக்கும்போதும் அவசரப்படக் கூடாது, அந்த நச்சிலேயே பீட்டா செல் மரத்துப்போயிருக்கும். சில வாரம் கட்டுப்படுத்திய பிறகு திரும்பப் பார்த்தால் எண் ஏறியிருக்கலாம். சின்ன லேபில் எடுத்த ரத்தம் மதுரைக்குப் பஸ்ஸில் போகும் என்றால், ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் எடுக்கச் சொல்ல வேண்டும். அதில் அறை வெப்பத்தில் ஒரு நாள் தாங்கும், சாதாரணக் குழாயில் வெயிலில் போனால் சிதைந்து பொய்யான குறைவு காட்டும். ரிப்போர்ட்டில் அலகையும் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராமும் லிட்டருக்கு 0.2 நானோமோலும் ஒன்றுதான்.

0.6-க்குக் கீழ் என்றால் சுரப்பு ஏறக்குறைய இல்லை, இன்சுலினை ஒரு நாளும் விடக் கூடாது. 1.8-க்கு மேல் என்றால் சுரப்பு நன்றாக இருக்கிறது. நடுவில் நிற்பவர்களுக்கும், ஊசி போட்டு மூன்று வருடமாகியும் சுரப்பு நிற்காதவர்களுக்கும் முதல் வகையைக் காட்டிக்கொடுக்கும் ஜிஏடி, ஐஏ-2, இசட்என்டி8 எதிர்ப்பணுக்களைப் பார்க்க வேண்டும். அவை மூன்றும் இல்லையென்றால் அடுத்தது ஜீன் பரிசோதனை. சிறுநீரகம் கெட்டவரிடம் சி-பெப்டைடு வெளியேறாமல் தேங்கி, இல்லாத சுரப்பை இருப்பதுபோலக் காட்டும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எண்ணையும் அதே சீட்டில் எழுதித் தரச் சொல்லி, சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முதல் வகைக்காரருக்கு இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு விழும், மோடிக்காரருக்கு அவ்வளவாக விழாது, பழைய சீட்டு கையில் இருந்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும்.